படிகத்தின் முறுக்கை ஒளி படிக்குமா?

2023-இல் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ எக்ஸ்’ இதழில் ஹாம்பர்க் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஓஃபர் நியூஃபெல்ட், ஏஞ்சல் ரூபியோ முதலியோர் எழுதியது. தலைப்பிலேயே ஒரு கேள்வியும் அதற்கான பதிலும் இருந்தன. டோபாலஜிப் பொருட்களைத் தீவிர லேசர் ஒளியால் தாக்கும்போது அவை திருப்பி உமிழும் ஒளியில், எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஓர் அடையாளம் உண்டா என்பது கேள்வி. பெரும்பாலும் இல்லை என்பது பதில்.

அதற்கு முந்தைய ஐந்தாண்டுகள் இத்துறையில் நம்பிக்கை பெருகிய காலம். லேசர் ஒளியைச் செலுத்து, வெளிவரும் ஒளியின் நிறமாலையைப் பார், பொருள் எந்த டோபாலஜி வகை என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் பரவியிருந்தது. ஹாம்பர்க் குழுவின் பதிலை நான் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டு இந்த முறையே வீண் என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒளியிடம் நாம் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டோம். சரியான கேள்வியைக் கேட்கத் தேவையான பொருட்களில் சில தாம்பரத்தைச் சுற்றியே இருக்கின்றன: கல்பாக்கத்தில் படிகம், கிண்டியில் லேசர், தரமணியிலும் சிறுசேரியிலும் கணிதம்.

முதலில் டோபாலஜி. ஒரு ரிப்பனின் இரு முனைகளை அப்படியே ஒட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டினால் வேறு வளையம். அதை இழுக்கலாம், கசக்கலாம், நசுக்கலாம். வெட்டாதவரை முறுக்கின் எண்ணிக்கை மாறாது. படிகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரானுக்கும் இதையொத்த ஒரு முறுக்கு உண்டு. படிகத்தில் எலக்ட்ரானின் உந்தம் பிரில்லுவான் மண்டலம் எனும் எல்லைக்குள் அடங்கும். அந்த மண்டலத்தின் ஒரு விளிம்பும் எதிர் விளிம்பும் ஒன்றே. ஒவ்வோர் உந்தத்துக்கும் எலக்ட்ரான் அலைக்கு ஒரு வடிவம் இருக்கிறது. மண்டலம் முழுவதையும் சுற்றி வரும்போது அந்த அலை எத்தனை முறை முறுகுகிறது என்பது ஒரு முழு எண். படிகத்தைச் சற்றுச் சூடாக்கினாலும், சிறிது மாசு கலந்தாலும் அந்த எண் மாறாது. எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மூடினால்தான் மாறும்.

இதிலிருந்து ஒரு விளைவு தானாகவே பிறக்கிறது. முறுகிய படிகம் முடிந்து, முறுக்கே இல்லாத வெற்றிடம் தொடங்கும் இடம் மேற்பரப்பு. அங்கே எண் மாறியாக வேண்டும். ஆகவே அங்கே இடைவெளி மூடியாக வேண்டும். இடைவெளி இல்லாத இடத்தில் மின்சாரம் பாயும். உள்ளே மின்காப்பான், மேற்பரப்பில் கடத்தி என்ற விந்தையான நடத்தைக்கு இதுதான் காரணம்.

இந்த முழு எண் இயற்பியலுக்குள் நுழைந்த வழி நீளமானது. 1980-இல் கிளாஸ் ஃபான் கிளிட்சிங், வலுவான காந்தப்புலத்தில் ஹால் மின்கடத்தல் எனும் பக்கவாட்டு மின்கடத்தல் படிப்படியாக, முழு எண்களின் மடங்காகத் தாவுவதைக் கண்டார். 1982-இல் டேவிட் தௌலெஸ் மூன்று சகாக்களோடு அந்த முழு எண் எங்கிருந்து வருகிறது என்று காட்டினார். அது ஷிங்-ஷென் செர்ன் 1940-களில் வடிவக்கணிதத்தில் கண்ட எண் என்பதை பாரி சைமன் 1983-இல் தெளிவாக்கினார். மைக்கேல் பெர்ரி 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஓர் அலை சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கு வரும்போது அதன் கட்டத்தில் ஒரு மிச்சம் தங்குவதைப் பேசியது. அந்த மிச்சத்தை உந்தவெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் பங்கிட்டால் கிடைப்பது பெர்ரி வளைவு. வளைவை மண்டலம் முழுவதும் கூட்டினால் செர்ன் எண்.

இந்த வரலாற்றில் நம் பக்கத்துப் பெயர்கள் சில உண்டு. போதிய அளவு சொல்லப்படாதவை. எஸ். பஞ்சரத்தினம், சி.வி. ராமனின் சகோதரி மகன். பெங்களூரு ராமன் ஆய்வுக்கழகத்தில் அயோலைட் படிகங்களில் ஒளியின் குறுக்கீட்டை ஆராய்ந்த அவர், 1956-இல் தம் இருபத்திரண்டாம் வயதில் ஒரு முடிவை எழுதினார்: ஒளியின் முனைவாக்க நிலையை மாற்றிக்கொண்டே போய்த் தொடங்கிய நிலைக்கே திரும்பினால், அதன் கட்டம் ஒரு கோளத்தின் மேல் அது சுற்றிய பரப்பைப் பொறுத்து மாறியிருக்கும். பெர்ரி கண்டதன் ஒளி வடிவம் இது, 28 ஆண்டுகளுக்கு முன்பே. ராஜாராம் நித்யானந்தாவும் எஸ். ராமசேஷனும் 1986-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள்; மறு ஆண்டே பெர்ரி தாமே அதை விரிவாக எழுதி உரிய இடத்தைக் கொடுத்தார். பஞ்சரத்தினம் அதைப் பார்க்கவில்லை. 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில் முப்பத்தைந்து வயதில் இறந்துவிட்டார்.

கணிதப் பக்கம் இன்னும் அருகில் இருக்கிறது. செங்கல்பட்டில் வளர்ந்த சி.எஸ். சேஷாத்ரியும், வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும் லயோலா கல்லூரியில் கணித ஆசிரியர் ஃபாதர் ரசீனிடம் பயின்று பம்பாய் டாடா ஆய்வுக்கழகத்துக்குப் போனவர்கள். 1965-இல் வந்த நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இயற்கணித வடிவியலைச் சேர்ந்தது. படிகத்தைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் நரசிம்மனும் எஸ். ராமனனும் 1961-இல் வெளியிட்ட மற்றொரு தேற்றம் நம் பொருளின் நடுவிலேயே நிற்கிறது. பெரிய வெளி ஒன்றுக்குள் புள்ளிக்குப் புள்ளி திசை மாறும் சிறு வெளி ஒன்று இருந்தால், அடுத்தடுத்த புள்ளிகளின் சிறு வெளிகளை ஒப்பிட ஒரு விதி வேண்டும். அத்தகைய விதிகள் எல்லாவற்றையும் பெரிய வெளியிலிருந்து சிறு வெளிக்கு வீழ்த்திப் பார்க்கும் ஒரே செயலால் பெறலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். படிகத்தின் ஓர் ஆற்றல் பட்டை அப்படிப்பட்ட சிறு வெளிதான். பெர்ரி வளைவு அந்த வீழ்த்தலில் பிறப்பதுதான். சேஷாத்ரி பின்னாளில் நிறுவிய சென்னைக் கணிதக் கழகம் இன்று சிறுசேரி மென்பொருள் பூங்காவில் இருக்கிறது. அங்கே முதுகலை படிக்கும் மாணவருக்கு இந்தத் தேற்றம் பாட்டன் வீட்டுச் சொத்து. அது ஒரு படிகத்துக்குள் எலக்ட்ரானைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதையும் அவருக்கு யாராவது சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

தள்ளத்தான் செய்கிறது. படிகத்தில் மின்புலம் ஒன்றைச் செலுத்தினால் எலக்ட்ரான் புலத்தின் போக்கிலேயே நகரும் என்று பள்ளியில் படித்தோம். பெர்ரி வளைவு இருக்கும் இடத்தில் அது புலத்துக்குச் செங்குத்தாகவும் நகரும். கார்ப்ளஸ், லட்டிஞ்சர் இருவரும் 1954-இலேயே இந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். அது வளைவின் வேலை என்பது பின்னால்தான் விளங்கியது. ஆகவே எலக்ட்ரானை உந்தவெளியில் வெகுதூரம் ஓடவிட்டு, அது எங்கெங்கே பக்கவாட்டில் விலகுகிறது என்று பார்த்தால் வளைவின் வரைபடமே கிடைத்துவிடும்.

ஓடவிடுவதுதான் கடினம். சாதாரண மின்புலத்தில் எலக்ட்ரான் சிறிது நகர்வதற்குள் மாசிலோ அணு அதிர்விலோ மோதித் திசை இழந்துவிடும். மோதுவதற்கு முன் ஓடி முடிக்க வேண்டும் என்றால் புலம் அசுர வலிமையோடு இருக்க வேண்டும், சில ஃபெம்டோ நொடிக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியை ஒரு லட்சம் கோடியால் வகுத்து, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலின் மேல் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரைதான் தாங்கும். மீறினால் பொறி பறக்கும். 2011-இல் ஷம்பு கிமிரே, டேவிட் ரைஸ் ஆகியோரின் குழு துத்தநாக ஆக்சைடு படிகத்தில் செலுத்திய லேசர் புலம் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6 கோடி வோல்ட். படிகம் பிழைத்தது. துடிப்பு அவ்வளவு குறுகியது. உருகுவதற்கான நேரமே அதற்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சோதனையில் உள்ளே போனது 3.25 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. வெளியே வந்ததில் அதன் 25-ஆம் சீரிசை வரை இருந்தது, அதாவது மூல அதிர்வெண்ணின் 25 மடங்கு, ஆழ்ந்த புறஊதா. வாயுக்களில் இந்த நிகழ்வு 1987-88 முதலே தெரியும்; அதன் தொடர்ச்சியான அட்டோ நொடித் துடிப்புகளுக்குத்தான் 2023-இன் நோபல் பரிசு, அகோஸ்தினி, கிராவ்ஸ், ஆன் லூயிலியே மூவருக்கும். திண்மத்தில் நடப்பது இது: புலம் ஓர் எலக்ட்ரானைக் கீழ்ப் பட்டையிலிருந்து மேல் பட்டைக்கு இழுக்கிறது, அங்கே ஓட்டுகிறது, அடுத்த அரைச் சுழற்சியில் திருப்பி இழுக்கிறது. இந்த ஓட்டமும் கீழே விழுதலும் சீரிசைகளாக வெளிவருகின்றன. எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படிகத்துக்குள் சென்டிமீட்டருக்கு 1 கோடி வோல்ட் புலம் 5 ஃபெம்டோ நொடி நீடித்தால், அணுக்கள் 4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அமைந்த படிகத்தில், எலக்ட்ரான் பிரில்லுவான் மண்டலத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை போய்விடும். மண்டலத்தை நெடுகக் கடக்கும் ஒரு பயணியை அனுப்பி, அவர் திரும்பியதும் கதை கேட்க முடிகிறது.

அந்தக் கதையில் வளைவின் குரல் கேட்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2017-இல் ஓரணு அடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடில், புலத்துக்குச் செங்குத்தான திசையில் இரட்டைப்படைச் சீரிசைகள் கிடைத்தன. மறு ஆண்டு லூ, வோர்னர் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே முறையால் வளைவை அளந்ததாக அறிவித்தனர். இந்தியாவில் இத்துறையின் கோட்பாட்டுப் பணி ஐஐடி பம்பாயில் கோபால் தீட்சித்தின் குழுவில் ஊக்கமாக நடக்கிறது. 2022-இல் அவர்கள் வைல் அரை உலோகம் எனும் வகைப் பொருளைக் கணக்கிட்டு, பக்கவாட்டு ஹால் மின்னோட்டம் சீரிசைகளில் எப்படிப் பதியும் என்று காட்டினார்கள்.

உள்ளே காப்பானும் மேற்பரப்பில் கடத்தியுமான டோபாலஜி காப்பான்களுக்கு வருவோம். 2021-இல் ரூபர்ட் ஹூபரின் ரேகன்ஸ்பர்க் குழு பிஸ்மத் டெல்லூரைடை, உள்பகுதியின் ஆற்றல் இடைவெளியைவிடக் குறைந்த அதிர்வெண்ணால் தாக்கியது. உள்பகுதி அந்த ஒளிக்கு எளிதில் இணங்காது. இடைவெளியில்லாத மேற்பரப்பு இணங்கும். வந்த சீரிசைகள் விசித்திரமானவை. லேசர் துடிப்பின் கட்டத்தை மெல்ல மாற்றினால் அவை முழு மடங்குகளை விட்டு நகர்ந்து பின்ன மடங்குகளுக்குப் போயின. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் பைகுஷேவா முதலியோர் பிஸ்மத் செலினைடில் வேறொன்றைக் கண்டனர். வழக்கமாக ஒளியின் முனைவாக்கத்தை நேர்கோட்டிலிருந்து வட்டமாக்கினால் சீரிசைகள் மங்கிவிடும்; மேற்பரப்பு நிலைகளிலிருந்து வந்தவை மங்காமல் கூடின. அடுத்து அதே வட்டாரத்திலிருந்து ஹைடெயும் சகாக்களும் பிஸ்மத்துக்குப் பதில் இண்டியத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பொருளை முறுக்குள்ள நிலையிலிருந்து முறுக்கற்ற நிலைக்குக் கொண்டுபோய், சீரிசை எப்படி மாறுகிறது என்று தொடர்ந்தார்கள். மிக நேர்த்தியான சோதனைகள்.

பிறகு ஏன் அந்த ‘பெரும்பாலும் இல்லை’? நான் புரிந்துகொண்ட அளவில் காரணம் எளிது. செர்ன் எண் மண்டலம் முழுவதையும் கூட்டியபின் வருவது. லேசர் ஓட்டும் எலக்ட்ரான் மண்டலத்தின் குறுக்கே ஒரு கோட்டில்தான் போகிறது. படிகத்தைச் சுழற்றி வேறு கோடுகளிலும் ஓட்டலாம், உண்மைதான்; ஆனால் வரும் ஒளியில் வளைவு மட்டும் இருப்பதில்லை. பட்டையின் சரிவு, எந்த ஆர்பிட்டால், இடைவெளி எவ்வளவு, மோதல் எவ்வளவு விரைவு என எல்லாமே கலந்திருக்கின்றன. முறுக்கை மாற்றும்போது இவை எல்லாமும் சேர்ந்து மாறுகின்றன. இண்டியம் சேர்த்தால் முறுக்கு மட்டும் போவதில்லை. அணுப் பிணைப்பும், எலக்ட்ரானின் ஸ்பின்னை அதன் ஓட்டத்தோடு பிணைக்கும் ஸ்பின்-சுற்றுப்பாதை இடைவினையின் வலிமையும் மாறிவிடுகின்றன. ஒளியில் கண்ட மாற்றத்தை எதன் கணக்கில் எழுதுவது? தொடக்ககாலக் கோட்பாடுகள் ஹால்டேன் மாதிரி போன்ற எளிய மாதிரிகளில் முறுக்கை மட்டும் தனியே திருகிப் பார்த்தன. உண்மைப் பொருளில் அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே முழு எண்ணை ஒளியிடம் கேட்பதை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒளியால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை ஒன்று இருக்கிறது: மேற்பரப்பையும் உள்பகுதியையும் பிரித்துக் காட்டுவது. பிஸ்மத் செலினைடின் உள்பகுதிக்கு மையச் சமச்சீர் உண்டு. சமச்சீர் இருக்கும் இடத்தில் இரட்டைப்படைச் சீரிசைகள் பிறக்க முடியாது. ஒரு பக்கம் தள்ளுவதும் மறுபக்கம் தள்ளுவதும் ஒன்றையொன்று அழித்துவிடும். மேற்பரப்பில் ஒரு பக்கம் படிகம், மறுபக்கம் காற்று; அங்கே சமச்சீர் உடைகிறது, இரட்டைப்படைச் சீரிசைகள் பிறக்கின்றன. இது தோராயமான வாதமில்லை, சமச்சீரின் கறாரான விதி. இந்த வேலை எவ்வளவு தேவையானது என்பதைக் கல்பாக்கத்தின் படிகங்கள் சொல்கின்றன.

அணு உலைக்குப் பெயர்பெற்ற ஊர் கல்பாக்கம். ஆனால் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் பொருளறிவியல் பிரிவுகள் நெடுங்காலமாகத் தாழ்வெப்ப இயற்பியலிலும் படிகக் குறைகளிலும் ஆழ்ந்து உழைப்பவை. பிஸ்மத்தையும் செலினியத்தையும் சரியான விகிதத்தில் குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை வெளியேற்றி அடைத்து, உலையில் உருக்கி மெல்ல ஆறவிடுவது பிஸ்மத் செலினைடு படிகத்தை வளர்க்கும் பொது முறை. கிடைப்பது ஈயச் சாம்பல் நிறப் பளபளப்பு. பசை நாடாவை ஒட்டி இழுத்தால் மேலடுக்கு உரிந்து, அடியில் புதிய பரப்பு கண்ணாடியாக மின்னும். செலினியம், பிஸ்மத், செலினியம், பிஸ்மத், செலினியம் என ஐந்து அணு அடுக்குகள் ஒரு கட்டு, ஒரு நானோமீட்டர் தடிமன்; கட்டுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு என்பதால் இவ்வளவு எளிதாக உரிகிறது.

தொல்லை செலினியத்தில் தொடங்குகிறது. அது எளிதில் ஆவியாகும். எவ்வளவு கவனமாக அடைத்தாலும் சில இடங்கள் காலியாகவே நிற்கும். ஒவ்வொரு காலியிடமும் இரண்டு எலக்ட்ரான்களைப் படிகத்துக்குக் கொடுக்கிறது. விளைவு: காப்பானாக இருக்க வேண்டிய உள்பகுதி கடத்தியாகிவிடுகிறது. 0.3 எலக்ட்ரான்-வோல்ட் இடைவெளி ஏட்டில் இருக்க, மின்னோட்டம் உள்ளே தாராளமாகப் பாய்கிறது. மேற்பரப்பின் மெல்லிய ஓட்டம் அதில் மூழ்கிப்போகிறது. 2009-இல் இந்தப் பொருள் டோபாலஜி காப்பான் என்று நிறுவப்பட்ட நாளிலிருந்து உலகெங்கும் உள்ள ஆய்வகங்களைத் திணறடித்த சிக்கல் இது.

காலியிடங்களை எண்ணக் கல்பாக்கத்தில் ஒரு நல்ல கருவி இருக்கிறது: பாசிட்ரான். சோடியம்-22 அணு சிதையும்போது ஒரு பாசிட்ரானையும், ஏறக்குறைய அதே கணத்தில் ஒரு காமா கதிரையும் வெளிவிடும். அந்தக் கதிர் பிறப்புச் செய்தி. பாசிட்ரான் படிகத்துக்குள் அலைந்து ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது வேறு இரண்டு காமா கதிர்கள் பிறக்கும். அது இறப்புச் செய்தி. இரண்டுக்கும் இடையே உள்ள நேரம் அதன் ஆயுள், ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அணுக்கரு இல்லாத காலியிடம் நேர்மின் பாசிட்ரானுக்குப் பாதுகாப்பான இடம். அங்கே எலக்ட்ரான்களும் குறைவு. ஆகவே காலியிடத்தில் சிக்கிய பாசிட்ரான் சற்று அதிக நேரம் வாழும். இந்த ஆயுளையும், வலுவான காந்தப்புலத்தில் மின்தடை காட்டும் ஊசலாட்டத்தையும் ஒரே படிகங்களில் சேர்த்து அளந்து, செலினியக் காலியிடங்களின் பங்கை ஆராய்ந்த கட்டுரை ஒன்றைக் கல்பாக்கம் குழு 2014-இல் வெளியிட்டது. லேசர் சோதனை செய்யும் மேல்நாட்டுக் குழுக்கள் பலவற்றின் கட்டுரைகளில் நான் தேடும் தகவல் இதுதான்: இந்தப் படிகத்தில் குறை எவ்வளவு?

கிண்டியின் சென்னை ஐஐடியில் ஃபெம்டோ நொடி லேசர்களும், குவாண்டம் பொருட்களுக்கென்றே ஒரு மையமும் உள்ளன. தரமணியின் கணித அறிவியல் கழகத்தில் ஜி. பாஸ்கரன், ஆர். சங்கர், சப்தர்ஷி மண்டல் மூவரும் 2007-இல் கிடாயெவ் மாதிரி எனும் காந்த மாதிரியில் ஸ்பின்கள் எப்படிப் பிளந்து நகர்கின்றன என்று துல்லியமாகத் தீர்த்தது டோபாலஜிப் பருப்பொருள் ஆய்வில் உலகமே மேற்கோள் காட்டும் வேலை. ஆக, கூடிப் பேசினால் செய்யக்கூடிய ஒரு சோதனை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

காலியிட அளவு வேறுபட்ட நான்கைந்து பிஸ்மத் செலினைடு படிகங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் குறையும் பாசிட்ரானால் முன்பே அளக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றை ஒரே அகச்சிவப்பு லேசரால், ஒரே புல வலிமையில் தாக்கி, ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சீரிசைகளைத் தனித்தனியே பதிய வேண்டும். முறுக்கு எல்லாப் படிகத்திலும் ஒன்றே. மாறுவது உள்பகுதியின் எலக்ட்ரான் அடர்த்தி. இண்டியம் சேர்ப்பதைவிட இது தூய்மையான ஒப்பீடு. காலியிடம் கூடக் கூட ஒற்றைப்படைச் சீரிசைகள் மாறி, இரட்டைப்படை அசையாமல் நின்றால், இரட்டைப்படை ஒளி மேற்பரப்பைச் சார்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உரித்த பரப்பு அப்படியே இருப்பதில்லை. சில மணி நேரத்துக்குள் காற்றின் ஈரமும் வாயுக்களும் படிந்து, மேற்பரப்புக்கு அடியில் ஆற்றல் பட்டைகள் வளைகின்றன. அங்கே சாதாரண எலக்ட்ரான்கள் மெல்லிய ஏடாகத் திரள்கின்றன. அந்த ஏட்டிலும் சமச்சீர் உடைந்தே இருக்கும், ஆகவே அதுவும் இரட்டைப்படைச் சீரிசைகளைத் தரும், முறுக்குக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமலேயே. எனவே உரித்த உடனே ஒரு முறை, சில மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை என்று அதே பரப்பை அளக்க வேண்டும். ஒளி நாள்பட வளர்ந்தால் வளர்ந்த பங்கு அந்த ஏட்டுக்குச் சொந்தம். முதல் அளவில் இருந்ததில்தான் டோபாலஜி மேற்பரப்பின் பங்கைத் தேட வேண்டும். இந்தப் பிரிவினை முடிந்த படிகத்தில்தான் ஸ்டான்ஃபோர்ட் கண்ட வட்ட முனைவாக்க மிகுதியை மறுபடி அளந்து, அது முறுக்கிலிருந்து வருகிறதா, ஸ்பின்-சுற்றுப்பாதை இடைவினையின் வலிமையிலிருந்து மட்டும் வருகிறதா என்று கேட்க முடியும்.